நாலு டச்சு வார்த்தை

"வாயைத் தொறந்து சொல்லுத்தா சீனியம்மா! ஊரே சொல்லுது, உனக்கு மட்டும் என்ன கிரீடமா வச்சிருக்கு?"

பிரசிடெண்ட் பேயாண்டி போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்த புறாக்கள் படபடவென்று கிளம்பிவிட்டன.

அவர் அவசரம் அவருக்கு. விடிந்தால் ஹாலந்து தேசத்து அம்மா வருகிறார். எண்பத்து மூணு பஞ்சத்தில், திருமங்கலத்துக்கு மேற்கே இந்த ஊர் நாக்குத் தள்ளிக் கிடந்தபோது அடிகுழாய் போட்டுக் கொடுத்த சங்கத்துக்காரர். நாலு வருஷம் கழித்து, குழாய் எப்படி இருக்கிறதென்று பார்க்க வருகிறார். அவர் மனசு குளிர்ந்தால் மேலத்தெருவுக்கும் ஒரு குழாய் கிடைக்கும். பேயாண்டிக்கு அதில்தான் மானமே இருந்தது.

"வெறும் மாலை பத்தாது. அவுக பாஷையிலயே பேசி அசத்திப்புடணும்" என்று வாத்தியார் ஹரிராமைப் பிடித்துக்கொண்டார்.

ஹரிராமின் மச்சானுக்கு மதுரையில், கோயில் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை. டச்சுக்காரர்கள் வந்தால் பேசுவதற்கென்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். அதை வாங்கி வந்து, "சாயம் போகாது", "ஒரே விலை" இரண்டையும் அடித்துவிட்டு, தோதாக நாலு வார்த்தையை எடுத்துக்கொண்டார் வாத்தியார். ஒரு வாரமாகச் சாயங்காலம் சாயங்காலம் பாடம் நடந்தது.

"ஹூயமோர்ஹன். அப்படின்னா காலை வணக்கம். தொண்டையிலருந்து வரணும்."

"சளியைக் காறுற மாதிரியா சார்?" என்றான் முத்துக்கருப்பன்.

"அதேதான்!"

ஊரே காறியது. பொம்பளைகள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டார்கள். ஆனாலும் பேச்சு எப்படியோ படிந்துவிட்டது. சீனியம்மாள் மட்டும்தான் ஏழு நாளும் வாயே திறக்கவில்லை.

பேயாண்டி அதட்டியதும் அவள் வாத்தியாரைப் பார்த்தாள்.

"அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் சார்?"

"டாங்க் யூ வெல்லா? ரொம்ப நன்றின்னு அர்த்தம்மா. அதுதான் முக்கியமானது."

 சீனியம்மாள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு இது வராதுண்ணே. வேலை கெடக்கு, வாரேன்."

பேயாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தீகளா கொழுப்பை! குழாய் இவ வாசல்லயே இருக்கு. மத்ததுக தெருக்கோடியிலருந்து குடம் சொமக்குதுக, இவளுக்கு நாலு எட்டு. அந்த நன்றி வேணாம் ஒரு மனுசிக்கு? நாளைக்கு முன்னால வந்து நிக்கக் கூடாது, ஆமா!"

அம்புட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் கார் வந்தது. மாலை போட்டு முடிந்ததும் பேயாண்டி கையை உயர்த்தினார்.

"டாங்க் யூ வெல்!"

ஊர் மொத்தமும் ஒரே குரலில் சொன்னதைக் கேட்டு அந்த அம்மா அசந்து போனார். கை தட்டினார், சிரித்தார். ஹரிராமிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"தலைவரே, ரெண்டாவது குழாய் உறுதியாம்!"

விசில் பறந்தது.

"ஆனா இடத்தை ஊர்தான் கொடுக்கணுமாம். யார் தாறீங்கன்னு கேக்கிறாங்க."

விசில் நின்றுபோனது. முத்துக்கருப்பன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். மேலத்தெருவில் பாதி இடம் பேயாண்டியுடையது. அவருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

அந்த அம்மா இன்னொன்றும் கேட்டார். வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"முதல் குழாய்க்கு இடம் கொடுத்தது யாருன்னு கேக்கிறாங்க, தலைவரே."

பேயாண்டிக்குச் சுரீர் என்றது.

நாலு வருஷத்துக்கு முன்னால், நீரோட்டம் பார்க்க வந்தவன் உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்து நின்றது சீனியம்மாளின் மாட்டுக்கொட்டத்தில். "கொட்டத்தைப் பிரிச்சுக்கங்கண்ணே, ஊரு தண்ணி குடிக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. கட்ட இடமில்லாமல் இருந்த ஒரே பசுவையும் அந்த மாசமே விற்றாள். அதனால்தான் குழாய் அவள் வாசலில் இருந்தது.

இடம் கேட்கப் போனவர் பேயாண்டிதான். குழாய் வந்த சந்தோஷத்தில் அதை மறந்தேபோனார். நாலு வருஷமாக அந்தத் தண்ணீரைக் குடித்த வாயால் நேற்று என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது. வெட்கத்தில் தலை தானாகத் தொங்கிவிட்டது.

"அந்தா... கடைசியில நிக்கிறா" என்று கையை மட்டும் காட்டினார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அந்த அம்மா சீனியம்மாளிடம் போனார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வந்த இடத்தில் உதவுமென்று, அவரும் நாலு தமிழ் வார்த்தையைத் தன் எழுத்தில் குறித்து வைத்திருந்தார். விரலை வைத்து ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"ரொம்ப... நன்றி."

சீனியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"ஏண்ணே," என்று பேயாண்டியைப் பார்த்துக் கேட்டாள், "இதைத் தமிழ்லயும் சொல்லலாமா?"