ஒரு கூடை இலை

நீச்சல் குளத்தில் இலை கிடப்பதைப் பார்த்ததும் ஜெஸ்லினுக்குப் பகீரென்றது.

இன்றைக்கு ஒரு இலைகூட இருக்கக் கூடாது. இன்றைக்கு மட்டுமாவது.

கரையில் அண்ணன் மேக்ஸ்வெல் நின்றிருந்தான். பக்கத்தில், குளம் சுத்தம் செய்யும் ரோபோவை விற்கச் சேலத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பென்னி. ஆமை மாதிரி இருந்த அந்தச் சாமானைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, "மேலயும் மேயுமுங்க சார், அடியிலயும் மேயுமுங்க. ஆளே வேண்டாம்" என்று பெருமையடித்தான்.

ஆளே வேண்டாமாம். வாயைப் பாரு.

அந்த ஆள் மோட்டார் ரூம் ஓரமாக நின்றிருந்தான். பொன்னுவேல். கையில் நீளக் கம்பு கட்டிய வலை.

ஏற்காட்டில் அண்ணனுடைய ஹோம்ஸ்டேயை நடத்துவது ஜெஸ்லின்தான். வந்த வரன்களெல்லாம் வந்த வழியே திரும்பிப் போய், நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது. பொன்னுவேலுக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து சில வருடங்களாகிறது. தினமும் காலையில் கிளியூரிலிருந்து டிவிஎஸ்ஸில் வருவான். வலை போட்டு இலை அள்ளுவான்.

அவள் காப்பி டம்ளரை மோட்டார் ரூம் கட்டைச்சுவர் மேல் வைத்துவிட்டு வருவாள். அவள் சமையல்கட்டுப் படியேறிய பிறகுதான் அவன் எடுப்பான். கடைசி வாய் குடிக்கும்வரை அவள் ஜன்னலில் நிற்பாள்.

போன கிறிஸ்மஸுக்கு ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தான். "நம்ம ஊட்டு மரத்துதுங்க அம்மிணி. நொம்ப இனிப்புங்க."

அவளிடம் அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அந்தப் பழத்தோலைக்கூடத் தூர எறிய மனசு வராமல் காயவைத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

இவ்வளவுதான் நடந்தது. அவன் கையில் கோயில் கயிறு, இவள் கழுத்தில் ஜெபமாலை. இதற்குப் போய் இப்படி ஏங்கிச் சாகிறோமே என்று தன் மேலேயே கோபமாக வரும். கோபம் வந்து என்ன, விடிந்தால் காது வண்டிச் சத்தத்துக்குத்தான் காத்துக் கிடக்கும்.

போன வருடம் குளத்தோரம் நின்ற சில்வர் ஓக்கை மேக்ஸ்வெல் வெட்டிப்போட்டான். மரம் போனால் இலை விழாது, தினமும் ஆள் வேண்டாம் என்று அவன் கணக்கு. மரம் போயிற்று. இலை போகவில்லை.

எப்படிப் போகும்? பனிமூட்டத்தோடு எழுந்து, எஸ்டேட் வேலிக்கு அந்தப் பக்கம் உதிர்ந்து கிடக்கும் சில்வர் ஓக் இலையைத் துண்டில் அள்ளிக்கொண்டு வந்து, குளம் பூராவும் தூவிவிட்டுப் போவது ஜெஸ்லினாயிற்றே! பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூட இதை அவள் வாய் திறந்து சொன்னதில்லை.

"காத்து எங்கிருந்தெல்லாம் கொண்டாந்து போடுது பாரேன்" என்று மேக்ஸ்வெல் அலுத்துக்கொள்வான். அலுத்து அலுத்து, கடைசியில் ரோபோ வாங்கியே தீருவதென்று கிளம்பிவிட்டான். அவள் போட்ட இலை அவளுக்கே வினையாக வந்து நின்றது.

ரோபோ வந்தால் பொன்னுவேல் வர வேண்டியதே இல்லை. தண்ணீர் சுத்தமாகக் கிடந்தால் அண்ணன் ரோபோவை வேண்டாமென்று சொல்லக்கூடும். மருந்து போட வாரத்துக்கு ஒரு நாளாவது பொன்னுவேல் வருவான். அந்த ஒரு நாளாவது மிஞ்சட்டும் என்றுதான் இன்று விடியலில் அவள் ஒரு இலைகூடப் போடவில்லை.

நேற்று ரோபோ விஷயத்தை அவள் சொன்னபோது பொன்னுவேல் வலையை உதறிக்கொண்டே கேட்டான்.

"ஏனுங்க, அப்ப நான் நாளைக்கு வரட்டுங்களா?"

பதில் சொல்வதற்குள் அண்ணனின் போன் வந்துவிட்டது. பேசி முடித்துத் திரும்பினால் ஆளைக் காணோம்.

இன்று காலையில் வந்தான். தெளிந்து கிடந்த குளத்தைப் பார்த்தான். பார்த்தபடியே நின்றான். பிறகு நிமிர்ந்து அவளுடைய ஜன்னலைப் பார்த்தான். சுவர் மேலிருந்த காப்பியைத் தொடாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

'அய்யோ, போகாதீங்க' என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டிவிஎஸ் சத்தம் கேட்டது. தங்க வந்தவர்களுக்கான பூரி எண்ணெயில் கிடந்தது; அடுப்பை விட்டு நகர முடியவில்லை.

இப்போது வந்து பார்த்தால், பனிக்கு நடுவே குளம் முழுக்க இலை.

ரோபோ மேய்ந்து முடித்தது. பென்னி அதைத் தூக்கிக் கரையில் வைத்து, வயிற்றிலிருந்த கூடையை உருவித் தரையில் கவிழ்த்தான்.

"மரமே இல்லாம இத்தனை இலை!" என்றான் மேக்ஸ்வெல். "நீயே சொல்லு ஜெஸி, வாங்கறதா வேண்டாமா?"

ஜெஸ்லின் குனிந்து பார்த்தாள். சில்வர் ஓக் இலை இல்லை. உதிர்ந்த இலையும் இல்லை. பச்சைப் பசேலென்று, காம்போடு பறித்த இலை.

ஒன்றை எடுத்துக் கசக்கி மோந்தாள்.

ஆரஞ்சு வாசம்.

இந்த வேலிக்குள் ஆரஞ்சு மரம் ஒன்றுகூடக் கிடையாது.

நிமிர்ந்தாள். பொன்னுவேல் வலைக்கம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

அப்படியானால் அவனுக்குத் தெரியும். வருடம் பூராவும் தெரிந்தேதான் அள்ளியிருக்கிறான்.

"வாங்கிக்கலாம்ணா" என்றாள்.

பொன்னுவேலின் கையிலிருந்த கம்பு மெல்லச் சாய்ந்தது.

அவள் கட்டைச்சுவரிடம் போனாள். ஆறிப்போன காப்பியைக் கீழே கொட்டினாள். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணன் பார்க்கப் பார்க்க, அவன் பக்கம் திரும்பினாள்.

"பொன்னுவேலு, உள்ற வாங்க. சூடா வேற காப்பி போட்டுத் தர்றேன்."