பத்தாவது கேள்வி

'எந்தக் கையால் வரைவாய்?' என்பது படிவத்தில் நான்காவது கேள்வி. அதற்குச் சிட்டு எழுதியிருந்த பதிலைப் படித்துவிட்டு ஓவிய டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். 'போன மாசம் வரைக்கும் வலது கை. இப்ப இடது கை.'

“வாலு! இதுலயும் விளையாட்டுத்தானா?” என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த பதிலுக்குப் போனார்.

வகுப்பில் பதினான்கு பிள்ளைகள், எல்லாம் ஒன்பது பத்து வயசு. போன தடவை காகிதத்தில் வாங்கி வைத்த விவரமெல்லாம் சாயத் தண்ணி கொட்டி நாசமாகிவிட்டதால், இந்த முறை டீச்சர் கணினியிலேயே படிவம் தயாரித்திருந்தார். யார் துணையும் இல்லாமல், கண்ணில் பட்ட வசதிகளுக்கெல்லாம் ஒரு டிக் போட்டு, தானே செய்து முடித்ததில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

வகுப்பு தொடங்கியதும் பிள்ளைகள் ஒவ்வொருவராக மூலையிலிருந்த கணினி முன்னால் உட்கார்ந்து நிரப்பினார்கள். மெயில் முகவரி போடாமல் படிவம் நகராது. வீட்டில் யாருடையது மனப்பாடமோ அதைத் தட்டிவிட்டுத் தூரிகையை எடுக்க ஓடினார்கள்.

பத்தாவது கேள்விதான் டீச்சரின் செல்லக் கேள்வி. 'என்னிடம் மட்டும் சொல்ல ஏதாவது இருக்கிறதா? பயப்படாமல் எழுது. நான் மட்டும்தான் படிப்பேன்.'

பக்கத்தில் உட்கார்பவள் தன் ரப்பரைக் கடித்துத் தின்கிறாள் என்று ஒருவன் கோள் மூட்டியிருந்தான். 'உங்க தலைமுடில பச்சை பெயிண்ட் இருக்கு டீச்சர், யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். டீச்சர் தலையைத் தடவிப் பார்த்தார். இருக்கத்தான் செய்தது.

சிட்டுவின் பதில் கொஞ்சம் நீளம். 'கணக்கு தப்பா போட்டா அப்பா விரலைப் பின்னால வளைப்பாங்க. வலது கைல ரெண்டு விரல் இப்ப மடங்கவே மாட்டேங்குது. அம்மா வெளியூர்ல வேலை பாக்கறாங்க, அவங்களுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்.'

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். சிட்டு நாக்கைத் துருத்திக்கொண்டு இடது கையால் ஜாடிக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் சும்மா கிடந்தது. ஒரு மாதமாக இது கண்ணில் படவில்லையே, நானெல்லாம் என்ன டீச்சர் என்று மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார்.

சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

“நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அவங்க வீட்டு வாசல்ல நிப்போம்,” என்றார் அந்த அதிகாரியம்மா. “அதுவரைக்கும் அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது.”

“இன்னைக்கே வர முடியாதா மேடம்?”

“உத்தரவு கைக்கு வரணுமே. அதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சுட்டா பிள்ளையைத் தூக்கிட்டு எங்கயாவது போயிடுவாரு. இல்லைன்னா, வெளிய சொன்னதுக்கு அவளை என்ன பாடு படுத்துவாரோ. எப்பவும் போலச் சிரிச்சுப் பேசி அனுப்பி வைங்க. ஒரே ஒரு ராத்திரி, சமாளிச்சுடலாம்.”

ஐந்து மணிக்குச் சிட்டுவின் அப்பா வந்தார். மேசையில் விரிக்க உதவும் என்று பழைய செய்தித்தாள் ஒரு கட்டு வேறு கொண்டுவந்திருந்தார். இப்படி ஒரு தங்கமான மனுஷன் உண்டா என்று போன வாரம்தான் டீச்சர் அவரைப் பற்றி வீட்டில் பேசியிருந்தார்.

“எங்க ஆளு எப்படி டீச்சர், ஒழுங்கா வரையறாளா?”

“அவளுக்கென்ன சார், சமத்து! இன்னைக்கு நிழல் போட்டிருக்கா பாருங்க, அப்படியே ஜாடி எழுந்து நிக்குது.” தன் குரல் நடுங்கவில்லை என்பது டீச்சருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்பா கார் கதவைத் திறக்கப் படியிறங்கினார். பையை மாட்டிக்கொண்டு வந்த சிட்டு, டீச்சரின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“நீங்க யார்கிட்டயும் சொல்லலையே?”

“அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல கண்ணு. இனிமே உனக்கு ஒண்ணும் ஆகாது. டீச்சர் இருக்கேன்ல?”

சிட்டுவின் முகத்தில் தெம்பு வந்தது. துள்ளிக்கொண்டு போய்க் காரில் ஏறினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் கடைசி வரைக்கும் நடிப்பது என்று வாசல் வரை போய்ச் சிரித்தபடி கையசைத்தார்.

வண்டி கிளம்பும்போது அப்பா கண்ணாடியை இறக்கினார்.

“ஏதோ படிவமெல்லாம் எழுத வெச்சீங்க போல?”

“அதா... சும்மா பேரு, வயசு, பிடிச்ச கலர், அவ்வளவுதான் சார்.”

அப்பா புன்னகை மாறாமல், கையைப் பின்னால் நீட்டி, பின் சீட்டுக் கதவின் பூட்டை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தார்.

“சிட்டு எழுதி முடிச்ச உடனே என் மெயிலுக்கு ஒரு காப்பி வந்துடுச்சு டீச்சர்.”