மார்லிஸின் துப்பாக்கி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு சிற்றூர்த் துப்பாக்கிக் கடை. ஜன்னல் வெயில் சாய்ந்து விழும் மேஜைமேல், இறந்துபோன மனைவி மார்லிஸின் மான்வேட்டைத் துப்பாக்கியைக் கிடத்துகிறார் வெர்லின். நாளை அவர் மகளோடு வாழ போர்ச்சுகல் போகிறார். அதைக் கொண்டுபோக வழியில்லை. மரப்பிடியில் அவள் கன்னம் பட்டுப் பட்டு வழவழத்த இடத்தை அவர் விரல் தடவுகிறது. "விக்க வேணாம் வெர்லின், நான் வெச்சிருக்கேன். நவம்பர்ல வேட்டைக்கு வாங்க," என்கிறாள் கடைக்காரி டோரீன். "வேணாம்மா. வீட்டை வித்தாச்சு, டிரைவிங் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்தாச்சு, வோட்டர் லிஸ்ட்லயும் பேரை எடுத்தாச்சு. என்னோடதுன்னு எதாவது இங்க கெடந்தா, இன்னும் இந்த ஊர்க்காரன்தானேன்னு மாநில வரி கேப்பாங்க." "நீங்க இந்த ஊர்க்காரர்தானே?" வெளியே லாரி ஒன்று கடந்துபோக, மேஜை அதிர்கிறது. துப்பாக்கி நகர்ந்துவிடாமல் அவர் கை தானாக அதைப் பிடித்துக்கொள்கிறது. லாரியின் சத்தம் தேய்ந்து ஓய்கிறது. "வித்துடும்மா," என்கிறார். கையை மட்டும் எடுக்கவில்லை.