இன்னும் கொஞ்சம் தெளிவாக

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குள் மூன்று மானிட்டர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் பிரபாவதி.

நான்காவது பெட்டியைத் தாமோதரன் மேசைமேல் வைத்துப் பிரித்தார். செங்கல்பட்டில் பல வருடமாகக் கடை நடத்துகிறவர். கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வருகிறவர்கள் நிறையக் கேட்பார்கள், கடைசியில் வாங்குவார்கள்.

"பையன் கேம் ஆடற மானிட்டர் வீட்ல இருக்கு. அதுல சரியாத் தெரியல" என்று உள்ளே நுழையும்போதே ரவிச்சந்திரன் சொல்லியிருந்தார். அதற்கு மேல் தாமோதரனுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

"இது கேமுக்குன்னே வந்தது மேடம். வண்டி எவ்ளோ வேகமா ஓடினாலும் படம் இழுக்காது. மத்த நேரம் நீங்க ஆபீஸ் வேலையும் பாக்கலாம்."

"வேகம் வேணாங்க. ஒரு எடத்துல நிறுத்தி வெச்சா எப்படித் தெரியும்?"

"நிறுத்தி வெச்சு யாரு மேடம் கேம் ஆடுவாங்க?" தாமோதரன் சிரித்தார்.

"இருபத்தேழு இன்ச்சே போதும் பிரபா" என்றார் ரவிச்சந்திரன். "எடுத்துக்கிட்டுப் போயிடலாம்."

"வீட்ல இருக்கறதும் இதே சைஸ்தான். பெருசாக்கினா கட்டம் கட்டமா உடையுதே."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியல."

"இன்னா சார், கடையிலயும் சண்டையா?" தாமோதரன் அடுத்த பெட்டியை இழுத்தார். "எங்க வூட்லயும் இதே பேஜாருதான். டிவி வாங்கிட்டு வந்து ஒரு வாரம் மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினா எம் பொண்டாட்டி."

இருவரும் சிரிக்கவில்லை.

"இதை வாங்கிட்டா நிறுத்திடுவியா?" ரவிச்சந்திரன் தாழ்ந்த குரலில் கேட்டார். "சாப்பிடாம கொள்ளாம அது முன்னாடியே உக்காந்திருக்கறத?"

"தெரிஞ்சுட்டா நிறுத்திடறேன்."

"மேடமும் ஆடுவாங்களா? அப்ப பையன் மேல தப்பே இல்ல" என்றார் தாமோதரன்.

முப்பத்திரண்டு இன்ச் மானிட்டரை நிமிர்த்தி வைத்தார். ஃபோர் கே. வீட்டில் இருப்பதைப் போல நாலு மடங்கு புள்ளிகள். எறும்பு ஊர்ந்தாலும் கால் தெரியும் என்றார்.

பிரபாவதி கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். "இதுல இருக்கற வீடியோவைப் போட்டுக் காட்டுங்க."

மாமல்லபுரம் கடற்கரை வந்தது. ஒரு சிறுமி குதிரைமேல் உட்கார்ந்து கத்திச் சிரித்துக்கொண்டு வந்தாள். தூரத்தில், தண்ணீர் ஓரமாக, மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண். அவளுக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் சிவப்புச் சட்டைப் பையன். குதிரை திரையை அடைத்துக்கொண்டு குறுக்கே போனது.

"பாருங்க சார், குதிரை முடி ஒண்ணொண்ணும் தனியாத் தெரியுது. பாப்பா யாரு?"

"என் தங்கச்சி பொண்ணு. நான்தான் எடுத்தேன்" என்றார் ரவிச்சந்திரன். அவர் திரையைப் பார்க்கவில்லை.

"பின்னால கொண்டு போங்க" என்றாள் பிரபாவதி. "குதிரை குறுக்க வர்றதுக்கு முன்னாடி. அங்க நிறுத்துங்க. அந்த மூலையைப் பெருசாக்குங்க."

தாமோதரன் மவுஸை உருட்டினார். மஞ்சள் சுடிதார் பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்திருந்தாள். இரண்டு கைகளுக்கும் நடுவில் கறுப்பாக ஏதோ இருந்தது.

"அட, நீங்கதானா மேடம்! அந்த ரெட் சட்டை பையனா? கையோட கூட்டியாந்திருந்தா அவனே செலக்ட் பண்ணிருப்பானே."

ரவிச்சந்திரன் அவள் தோளில் கை வைத்தார்.

"செருப்பு பிரபா. அவன் கழட்டிக் குடுத்த செருப்பைத்தான் கையில வெச்சிருக்க. எத்தன தடவ சொல்றது? வா, போலாம்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"எனக்காகச் சொல்றாரு" என்றாள் தாமோதரனிடம். "குதிரை தாண்டிப் போனதும் பாருங்க, தண்ணியில அவன் இருக்க மாட்டான். அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. மறுநாள் சதுரங்கப்பட்டினத்துலதான் கெடச்சான். அந்த நேரத்துல நான் குனிஞ்சு எதைப் பாத்துக்கிட்டிருந்தேன்னு எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது."

தாமோதரன் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"உங்களுக்கு எங்களைத் தெரியாது. நீங்க சொன்னா நம்பறேன்" என்றாள் பிரபாவதி. "என் கையில இருக்கறது செருப்பா, போனா?"