கடைசிக் குடுவை

நானூற்றுப் பன்னிரண்டு.

மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே நோட்டில் குறித்தாள். மருந்து விடாத கிண்ணத்தில், சல்லடையைத் துளைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போன புற்றுச் செல்கள் அத்தனை.

மருந்து விட்ட கிண்ணத்தில் ஏழு.

ஏழே ஏழு!

செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம். வளரச் சொல்லி வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே கொடுப்பது அதுதான். பக்கத்துச் சதைக்குள் புகுந்து போக வழி பண்ணுவதும் அதுதான். அந்தச் சனியனைக் கட்டிப்போடத்தான் இந்த ஆய்வகம் இரண்டு வருஷமாக நாயாய் அலைந்தது.

சந்தோஷம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

செல்கள் அரசி அக்காவுடையவை.

போன ஆடியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று ஐஸ் பெட்டியில் வாங்கி வந்தவளே தங்கையான அவள்தான். லேபிளில் பெயர் எழுதக்கூடாது. எண் மட்டும்.

அக்காவை எரித்து நாலு நாள். பதினாறு முடியாமல் வாசலைத் தாண்டாதே என்று அம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். நாலு நாள் வராததற்கு ஆய்வகத்தில் இவள் காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள்.

ஆய்வகத் தலைவர் எபனேசர் சார் வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"அடேயப்பா! அந்தக் கடைசிக் குடுவைலயும் மருந்த விட்ரும்மா. எல்லாம் செத்துச்சுன்னா கட்டுரைய எழுத ஆரம்பிச்சிரலாம்."

யாருடைய செல்கள் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

இவை ஒழிய வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை. அக்காவை ஈரல்வரை தின்று தீர்த்த பாவிகள்.

அக்காவின் செல்கள் மிச்சமிருந்த அந்த ஒரே குடுவையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். உயிரோடு இருந்தன. ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது.

மருந்தைப் பிப்பெட்டில் உறிஞ்சி எடுத்தாள். குடுவையின் வாய்வரை போன கை அதற்கு மேல் போகவில்லை.

மருந்தைக் கழிவுக் கிண்ணத்தில் கொட்டினாள். செல்கள் தின்று வளரும் அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரை எடுத்துக் குடுவைக்குள் விட்டாள். பத்து மில்லி, ஒரு சொட்டுக் குறையாமல்.

போன் அதிர்ந்தது. அம்மா.

"தீட்டோட எங்கடி போய்த் தொலைஞ்ச? வந்தவங்கல்லாம் கேக்குறாங்க, நான் என்னத்தச் சொல்றது?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குடுவையைச் சூட்டுப்பெட்டிக்குள் வைத்தாள். முப்பத்தேழு டிகிரி. கதவைச் சாத்தினாள்.

"அக்காகூடத்தாம்மா இருக்கேன்."