வெள்ளைத் துருவல்

பக்கத்து வீட்டுத் தாய்லாந்துப் பெண் நொய் தன் நிறைமாத வயிற்றோடு வாசலில் உட்கார்ந்து ஒரு பெரிய பச்சைக் காயைச் சீவிக்கொண்டிருந்தாள். தோல் போன இடமெல்லாம் வெள்ளையாகப் பால் வடிந்தது. கதவைத் திறந்த செண்பகவல்லி அப்படியே நின்றுவிட்டாள். பாங்காக் வந்த பிறகு, மசக்கையில் எதைத் தின்றாலும் குமட்டிய நாட்களில், அவளுக்கு வாய்க்குப் பிடித்தது நொய் கொண்டுவந்து தரும் அந்தத் துருவல்தான். எலுமிச்சையும் மிளகாயும் போட்டு இடித்தது. மாங்காய் என்று நினைத்துக் கிண்ணத்தை வழித்து வழித்துத் தின்றிருந்தாள்.

உள்ளே ஓடி கோமதிநாயகத்துக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, அது மாங்கா இல்லங்க. பப்பாளிக்கா."

அவன் உடனே கேட்டான்: "பிள்ள அசையுதா?"

அதுவரை அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கத் தொடங்கியதும் வயிறு கல்லாகக் கிடந்தது.

"எங்கம்மாட்ட மட்டும் சொல்லிராத. இந்தா வாரேன்."

கதவு தட்டப்பட்டது. நொய் கிண்ணத்தோடு நின்றாள். செண்பகவல்லி வேண்டாம் என்று தலையாட்டி வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். நொய் என்ன புரிந்துகொண்டாளோ, சிரித்தாள். ஒரு பிடி துருவலை அள்ளித் தன் வாயில் போட்டு மென்றபடியே, செண்பகவல்லியின் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளிருந்து படீரென்று ஓர் உதை.

செண்பகவல்லியின் இன்னொரு கை தன் வயிற்றின்மேல் காத்திருந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.