உருண்டைக்குத் துணை

“இந்த வாரத்துக்குள்ள அது அழறதை நிறுத்தணும். இல்லேன்னா வேற இடம் பார்த்து விட்டுடுங்க” என்றார் குடியிருப்புச் செயலாளர், படியை அடைத்துக்கொண்டு. வேலைக்கு ஓடுகிறவளை மடக்க அவருக்கு அந்த இடம்தான் தோது.

அவருக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள். “கோள் சொல்றேன்னு நினைக்காதீங்க. நீங்க கிளம்பிப் போனதும் ஆரம்பிக்குது. முதல்ல முனகல், அப்புறம் இழுத்து இழுத்து ஒரே அழுகை. என் மிஷின் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கு. வேலையே ஓட மாட்டேங்குது.”

கேட்டவளுக்கு முகம் சுண்டிப்போனது. குப்பைத்தொட்டி ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்த குட்டியை எடுத்துவந்து, உருண்டை என்று பேர் வைத்து வளர்த்த நாய். உருண்டையைக் கொண்டுபோய் விடுவதாவது!

ஆனால் குறை தன் பேரில்தான் என்று அவளுக்குத் தெரியும். கூரியர் கிடங்கில் பெட்டிகளைப் பிரித்து வண்டி ஏற்றும் வேலை முழுவதும் அவள் தலையில். காலையில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல ஓடினால், தெருவிளக்கு எரிந்த பிறகுதான் வீடு. பாவம், அந்த வாயில்லா ஜீவன் என்ன செய்யும்?

மறுநாளிலிருந்து சீக்கிரமே எழுந்து அதை நடத்திக்கொண்டு போனாள். தன் வாசனை இருக்கட்டும் என்று பழைய சட்டையை அதன் படுக்கையில் விரித்தாள். ரப்பர் பந்துக்குள் பிஸ்கட்டைத் திணித்துப் போட்டாள். குடைந்து எடுப்பதிலேயே பாதிப் பகல் ஓடிவிடும் என்று கணக்கு. தையல்காரம்மாவோ சாயங்காலம் பார்க்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்கினாள்.

வீட்டில் அப்பா இருக்கத்தான் இருந்தார். அம்மா போன பிறகு அவளோடு வந்து தங்கியவர், ஒரு தொந்தரவும் இல்லாத மனுஷர். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போனால் போதும், திரும்பி வரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். வாசல் பக்கம்கூட வர மாட்டார். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

“பகல்ல நீங்க வீட்லதானேப்பா இருக்கீங்க? இது அழுதா உங்களுக்குக் கேக்கலையா?”

“இவனா? அழறானா?” அப்பா சிரித்தார். “என் காலடியிலேயே ராஜா மாதிரி படுத்துத் தூங்கறான். யாரோ கதை கட்டி விடறாங்க.”

டிவி செய்தியைத் தெருவுக்கே வாசிக்கிற மாதிரி வைத்துக்கொள்கிறவருக்கு நாய் அழுவது எங்கே கேட்கப்போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். “உங்க காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டணும்ப்பா. எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும்.”

“எனக்கென்னம்மா அவசரம்? ஆமா, உங்க அம்மா ஒரு தடவை இப்படித்தான்…”

“அப்புறம் பேசலாம்ப்பா. இவனை ஒரு சுற்று நடத்திட்டு வந்துடறேன்” என்று சங்கிலியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வாரம் முடியப்போகிறது. வேறு வழியில்லாமல் கிடங்கு மேலாளரிடம் போய் நின்றாள். “யாரையும் கடிக்காதுன்னா கூட்டிட்டு வாம்மா. இங்கே கடிக்கறதுக்கு நான் ஒருத்தன் போதும்” என்றார் அவர்.

மறுநாள் காலை அப்பாவே உருண்டைக்குக் கழுத்துப்பட்டை மாட்டிவிட்டார். கொக்கி பிடிபடாமல் விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. “கூட்டிட்டுப் போம்மா. நாள் பூரா இந்த நாலு சுவத்தையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா அதுக்கும் வெறுத்துத்தானே போகும்?” என்றார்.

“நேரமாச்சுப்பா” என்று அவள் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

கிடங்கில் உருண்டைக்கு ஏக வரவேற்பு. சுமை ஏற்றுகிறவர்கள் ஆளுக்கொரு ரொட்டித் துண்டு கொடுத்தார்கள். அது பெட்டிகளை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் மேஜைக்கடியில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. ஒரு முனகல் இல்லை. இத்தனை எளிய வழி முன்பே தோன்றாமல் போயிற்றே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

சாயங்காலம் வெற்றி வீராங்கனை மாதிரி படியேறினாள். உருண்டை கீழேயே நின்று கைப்பிடிக் கம்பியை முகர்ந்துகொண்டிருக்க, சங்கிலி மட்டும் அவள் கையில் நீண்டு கிடந்தது. மேலே தையல்காரம்மா காத்திருந்தாள்.

“இன்னைக்கு மாதிரி ஒருநாளும் இல்லைங்க. காலையில ஆரம்பிச்சது ஓயவே இல்லை. கேட்டுட்டு இருக்க முடியாம நானே போய்க் கதவைத் தட்டினேன். தட்டினதும் கப்புன்னு அடங்கிடுச்சு. கொஞ்ச நேரத்துல மறுபடியும்…”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அகப்பட்டுக்கொண்டாயா! இத்தனை நாளாக இந்த அம்மா சொன்னதெல்லாம் அண்டப்புளுகு. நாயை விரட்டுவதற்கென்றே ஊரைக் கூட்டியிருக்கிறாள். சங்கிலியைச் சுண்டி இழுத்தாள். உருண்டை வாலை ஆட்டிக்கொண்டு தாவித் தாவி மேலே வந்து நின்றது.

தையல்காரம்மாவின் பார்வை நாயிடமிருந்து சாத்தியிருந்த கதவுக்குப் போய், மெல்லத் திரும்பி வந்தது.

“நாய் உங்ககூடவா இருந்துச்சு? அப்போ… உள்ளே அழுதது யாருங்க?”